50.5 சதவீதம் யாருடைய குரல்? வட்டார வெளியுறவு ஆய்வு மையத்தை எதை வைத்து நம்புவது?

#1 தென்றல்வாசி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பன்னாட்டு உறவுகள் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தவள் மூன்று நாட்களாக ஒரே எண்ணில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் உள்ள ஐஎஸ்இஏஎஸ் - யூசோஃப் இஷாக் ஆய்வுக்கழகம் 2019 முதல் ஆண்டுதோறும் தென்கிழக்காசிய நிலவரக் கருத்தாய்வை வெளியிட்டு வருகிறது. அதில் எல்லாச் செய்தித்தாள்களும் எடுத்துப் போடும் கேள்வி ஒன்று உண்டு. அமெரிக்கா, சீனா இரண்டில் ஒன்றுடன் ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) சேர்ந்தே தீர வேண்டும் என்றால் எதனுடன் சேர வேண்டும்? 2023இல் 61.1 சதவீதத்தினர் அமெரிக்கா என்றார்கள். 2024இல் சீனாவுக்கு 50.5, அமெரிக்காவுக்கு 49.5. 2025இல் மீண்டும் அமெரிக்கா, 52.3. ஒரு வட்டாரம் முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை மனம் மாறுமா?

இந்த அறிக்கையை மேற்கோள் காட்டாத கட்டுரையை என் பேராசிரியர் ஏற்க மாட்டார். என்னுடன் தங்கியிருக்கும் தோழியோ, "அது அரசு சட்டம் இயற்றி அமைத்த கழகம், அதன் எண்ணை ஏன் நம்புகிறாய்?" என்று கேட்கிறாள். இருவருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட மையங்களுக்குள் உண்மையில் என்ன வேலை நடக்கிறது? எந்த மையத்தைச் சுயேச்சையானது என்று சொல்லலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

#2 வரைபடம்

உங்கள் தோழி கேட்டதுதான் சரியான கேள்வி.

தமிழ்நாட்டில் ஒரு நாளேட்டில் 22 ஆண்டுகள் வெளியுறவுச் செய்திகளை மொழிபெயர்த்தேன். எத்தனையோ நாடுகளின் ஆய்வு மையங்களிலிருந்து அறிக்கைகள் மேசைக்கு வரும். முன்பக்கத்துச் சுருக்கத்திலிருந்து எட்டு வரி எடுத்துத் தலைப்பு வைப்போம். 80 பக்க அறிக்கையின் 71ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இருந்ததில்லை. அந்தக் குற்றவுணர்வு எனக்கு இன்றும் உண்டு.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வெளியுறவுக் கொள்கை என்பது அரசின் அந்தரங்க அறை. அந்த அறைக்குள் நுழைய விரும்பும் மையம் அரசைப் பகைத்துக்கொள்ளாது. பகைத்துக்கொண்டால் அதிகாரிகள் பேட்டி தரமாட்டார்கள், கருத்தரங்குக்கு வரமாட்டார்கள். பணம் யாருடையது என்பதைக் கூடப் பிறகு பார்க்கலாம். அணுக்கம் என்பதே ஒரு கடன், அதை எழுத்தில்தான் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

#3 கலங்கரை

தென்றல்வாசி, உன் கேள்வியைப் பார்த்ததும் பழைய நினைவுகள் கிளம்பிவிட்டன. ஓய்வு பெறும் வரை 14 ஆண்டுகள் ஒரு வட்டார ஆய்வு மையத்தில் வேலை செய்தேன். நீ குறிப்பிட்ட கழகம் அன்று, வேறொன்று. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குக் கருத்தரங்கு மட்டும்தான் தெரியும். மேசை, தண்ணீர்ப் போத்தல், நாடுகளின் பெயர்ப்பலகை. அன்றாட வேலை முழுக்க முழுக்க வாசிப்பு. காலையில் வந்ததும் என் பங்குக்கு இரண்டு நாடுகளின் உள்ளூர் மொழிச் செய்தித்தாள்கள், அமைச்சுகளின் அறிக்கைகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள். ஒரு கூட்டறிக்கை வந்தால் சென்ற ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவோம். எந்தச் சொல் புதிதாக வந்திருக்கிறது? எது காணாமல் போயிருக்கிறது? "கவலை" என்று இருந்த இடத்தில் "ஆழ்ந்த கவலை" வந்தால் அதற்குப் பின்னால் இரண்டு நாள் இரவுப் பேச்சு இருந்திருக்கும். 2012 ஜூலையில் புனோம்பென்னில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் தென்சீனக் கடல் குறித்து உடன்பட முடியாமல் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்தார்கள். அமைப்பின் 45 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. செய்தித்தாளுக்கு அது ஒருநாள் செய்தி. எங்களுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான வேலை. யார் எந்தப் பத்தியை எதிர்த்தார், எந்த வரைவு வரைக்கும் ஒப்புக்கொண்டார், அடுத்த முறை எந்தச் சொல்லைப் போட்டால் பத்து நாடுகளும் தலையசைக்கும் என்று துருவிக்கொண்டே இருந்தோம்.

அடுத்தது பயணம். எல்லை ஊர்களுக்கும் துறைமுகங்களுக்கும் போய், வணிகரையும் மீனவரையும் மாவட்ட அதிகாரியையும் கேட்டு எழுதுவது. தலைநகரத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கும் எல்லைச் சாவடியில் லாரி வரிசையை எண்ணிவிட்டு வந்து எழுதுபவருக்கும் வேறுபாடு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது வேலை மூடிய கதவுக்குள் நடப்பது. அதிகாரிகள் பதவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனிமனிதராகப் பேசும் சந்திப்புகள். இதை இரண்டாம் தடப் பேச்சு என்போம். அங்கே சாத்தம் ஹவுஸ் விதி நடைமுறையில் இருக்கும். லண்டனில் உள்ள அந்த நிறுவனம் 1927இல் வகுத்தது. கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது. அந்த அறையில் ஒரு நாட்டு அதிகாரி மற்றொரு நாட்டு அதிகாரியிடம், "உங்கள் படகுகளைப் பற்றி எங்கள் மீனவர்கள் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா?" என்று நேருக்கு நேர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரபூர்வ மேசையில் அந்த வாக்கியம் பிறக்காது.

வரைபடம் ஐயா அணுக்கத்தைக் கடன் என்கிறார். அது உண்மை. ஆனால் அணுக்கமே இல்லாத மையம் செய்தித்தாளை வைத்துச் செய்தித்தாளுக்கு எழுதிக்கொண்டிருக்கும். அந்த வகையையும் பார்த்திருக்கிறேன், அதனால் யாருக்கும் பயன் இல்லை.

#4 தென்றல்வாசி

அம்மா, மிக்க நன்றி. லாரி வரிசையை எண்ணும் ஆய்வாளரை என் பாடப்புத்தகம் எதுவும் காட்டவில்லை.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். 2024 அறிக்கையைத் திறந்து பார்த்தேன். அப்போது ஆசியானில் இருந்த பத்து நாடுகளுக்கும் சமமான எடை கொடுத்திருக்கிறார்கள். புருணையும் இந்தோனேசியாவும் சமமா? புள்ளியியல் தெரிந்தவர்கள் யாராவது விளக்குவீர்களா?

#5 எண்கணக்கு

சில குறிப்புகள். வேலையே இதுதான் என்பதால் சற்றுக் கறாராக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது மக்கள் கருத்துக்கணிப்பு இல்லை. ஆய்வாளர்கள், அரசு அதிகாரிகள், தொழில்துறையினர், தொண்டு நிறுவனத்தினர், ஊடகத்தினர், வட்டார அமைப்புகளில் பணிபுரிவோர் ஆகியோரிடம் கேட்கப்படுவது. 2023இல் 1,308 பேர், 2024இல் 1,994 பேர், 2025இல் 2,023 பேர். எண்ணிக்கை இவ்வளவு மாறும்போது, அதே ஆட்கள் மனம் மாறினார்கள் என்று எழுதவே கூடாது. பதில் சொன்ன கூட்டம் வேறு.

அடுத்தது எடை. புருணையின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கும் குறைவு, இந்தோனேசியாவில் 27 கோடிக்கும் மேல். மக்கள் கருத்துக்கணிப்பில் இவ்விரண்டையும் சமமாக வைத்தால் தவறு. ஆனால் ஆசியான் கருத்தொற்றுமையால் இயங்குகிறது. அங்கே புருணையின் மறுப்பும் இந்தோனேசியாவின் மறுப்பும் ஒரே கனம் உடையவை. கேள்வி "ஆசியான் என்ன செய்ய வேண்டும்" என்பதுதானே? அதற்குச் சம எடை பொருத்தமானது. நான் இந்த முறையைத் தயங்காமல் ஆதரிப்பேன்.

50.5க்கும் 49.5க்கும் உள்ள இடைவெளி ஒரே ஒரு விழுக்காட்டுப் புள்ளி. சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோன்ற சமவாய்ப்பு மாதிரியாக இருந்தால் பிழை வரம்பு கணக்கிட்டு, "இது சமநிலை" என்று சொல்லலாம். இது அப்படி எடுத்த மாதிரி இல்லை என்பதால் அந்தச் சூத்திரத்தைக் கூட இங்கே போட முடியாது. "சீனா முந்தியது" என்ற தலைப்பு அந்த ஒரு புள்ளியின் மேல் கட்டிய மாளிகை.

நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 2024இல் மலேசியாவில் 75.1, இந்தோனேசியாவில் 73.2, லாவோஸில் 70.6 சதவீதம் சீனாவுக்கு. பிலிப்பீன்ஸில் 83.3, வியட்நாமில் 79.0, சிங்கப்பூரில் 61.5 சதவீதம் அமெரிக்காவுக்கு. நடுவில் நிற்கும் நாடுகள் சிலவே, சராசரியோ நடுவில் நிற்கிறது. ஒரு கரை மேடு, ஒரு கரை பள்ளம். சராசரி சமவெளி என்கிறது.

அதே அறிக்கையில், அரசுகள் எதைப் பற்றி அதிகம் கவலைப்படுகின்றன என்ற கேள்விக்கு இஸ்ரேல் - ஹமாஸ் போர் முதலிடம், 46.5 சதவீதம். தென்சீனக் கடல் 39.9. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் எண்கள் ஏன் அப்படித் திரும்பின என்பதற்கு இதைவிட வலுவான தடயம் எனக்குத் தெரியவில்லை. சீனாவின் மேல் வந்த அன்பைவிட, காஸாவைப் பார்த்து அமெரிக்காவின் மேல் வந்த கோபமே அந்த எண்களில் அதிகம் என்பது என் வாசிப்பு.

கடைசியாக, யாரும் மேற்கோள் காட்டாத ஓர் எண். இரு வல்லரசுகளின் போட்டிக்கு நடுவே ஆசியான் என்ன செய்ய வேண்டும் என்றும் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு பக்கம் சேர வேண்டும் என்று சொன்னவர்கள் 8.0 சதவீதம் மட்டுமே. ஒற்றுமையையும் தாங்குதிறனையும் வளர்த்து அழுத்தத்தைச் சமாளிக்க வேண்டும் என்றவர்கள் 46.8 சதவீதம். நூற்றுக்கு எட்டுப் பேர்தான் தேர்வு செய்ய விரும்புகிறார்கள். கட்டாயப்படுத்திக் கேட்டால் நூறு பேரும் தேர்வு செய்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காத கட்டுரை அரைக் கட்டுரை.

#6 வரைபடம்

எண்கணக்கு, 8.0 என்ற எண்ணைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மேசைக்கு அந்த அறிக்கை வந்திருந்தால் நானும் 50.5ஐத்தான் தலைப்பில் வைத்திருப்பேன்.

இருந்தாலும் என் ஐயம் தீரவில்லை. முறை சரியாக இருப்பது வேறு, கேள்வியைத் தேர்ந்தெடுப்பது வேறு. தாங்கள் விரும்பாத தேர்வைச் செய்யுமாறு மக்களைக் கட்டாயப்படுத்தும் கேள்வியை ஏன் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்? அந்தக் கேள்விதான் அறிக்கையை உலகெங்கும் கொண்டு போகிறது என்பதால்தானே?

சுயேச்சை பற்றியும் வரலாற்றைப் பாருங்கள். ஜகார்த்தாவின் புகழ்பெற்ற போர்த்தந்திர, பன்னாட்டு ஆய்வு மையம் 1971இல் தொடங்கப்பட்டபோது அதன் புரவலர்களில் ஒருவர் அலி முர்தோப்போ, அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவுக்கு மிக நெருக்கமான தளபதி. இராணுவ ஆட்சியின் நிழலில் பிறந்த மையம் அது. வெளிநாட்டுப் பணமும் பெரிய வினா. அமெரிக்காவின் முன்னணி ஆய்வு நிறுவனங்கள் நார்வே, கத்தார் போன்ற அரசுகளிடம் பெருந்தொகை பெற்றதை நியூயார்க் டைம்ஸ் 2014இல் விரிவாக எழுதியது. சிங்கப்பூரிலேயே 2017 ஆகஸ்டில் ஒரு பொதுக்கொள்கைப் பேராசிரியரை, வெளிநாடு ஒன்றின் செல்வாக்கு முகவராகச் செயல்பட்டார் என்று சொல்லி, நிரந்தரவாசத் தகுதியை ரத்து செய்து வெளியேற்றினார்கள். அவர் அதை மறுத்தார். எந்த நாடு என்று அரசு சொல்லவில்லை. ஆய்வாளரின் சொல்லுக்கு விலை இருப்பதால்தானே வாங்க ஆட்கள் வருகிறார்கள்?

#7 கலங்கரை

ஐயா சொன்ன எதையும் மறுக்கப் போவதில்லை. என் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை வெளியே எழுதியதில்லை.

நான் இருந்த மையத்தில் ஓர் ஆற்றின் மேல் வரவிருந்த அணையைப் பற்றி ஓர் ஆய்வுத்தாள் எழுதினேன். ஆற்றுப்போக்கில் கீழே உள்ள நாட்டின் மீன்வளத்துக்கு என்ன ஆகும், இரு நாடுகளின் உறவு எப்படிக் கெடும் என்பதுதான் பொருள். ஆறு மாத உழைப்பு, படகில் மட்டும் ஒன்பது நாள். அந்த ஆண்டு எங்கள் மையத்துக்கு நன்கொடை தந்த நிறுவனங்களில் ஒன்றுக்கு அந்த அணையில் தொழில் தொடர்பு இருந்தது. தாளை வெளியிடக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. "இன்னொரு மதிப்பீட்டாளர் பார்க்கட்டும்" என்றார்கள். பிறகு, "மூன்றாவது பகுதியைச் சுருக்கலாமே" என்றார்கள். பிறகு ஆசிரியர் குழுக் கூட்டம் தள்ளிப்போனது. ஏழு மாதம் கழித்துத் தாள் வெளிவந்தது, ஒரு வரியும் மாறாமல். அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

அன்றுதான் கற்றுக்கொண்டேன். மையத்தின் சுதந்திரத்தைப் பிடுங்குவதற்குத் தணிக்கை தேவையில்லை, காலதாமதம் போதும். ஆகவே ஒரு மையத்தை எடைபோடும்போது, பணம் யாருடையது என்பதோடு நிறுத்தாமல், அச்சுக்குப் போவதை யாரால் நிறுத்த முடியும் என்று நான் கேட்பேன். தன் புரவலருக்குக் கசப்பான எதையாவது அது வெளியிட்டிருக்கிறதா, எத்தனை நாளில் வெளியிட்டது? ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் மறுத்து எழுத முடிகிறதா? கேட்ட கேள்வியின் சொற்களும், கேட்கப்பட்டவர்களின் பகுப்பும் அறிக்கையில் அச்சாகின்றனவா? கருத்தாய்வைப் பொறுத்தவரை யூசோஃப் இஷாக் கழகம் இந்தக் கடைசி ஒன்றைச் செய்கிறது. எண்கணக்கு அதன் பலவீனங்களை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்ததே, தன்னை எப்படி மறுப்பது என்பதை அந்த அறிக்கை தானே சொல்லித்தருவதால்தான்.

ஜகார்த்தா மையத்தின் பிறப்பைச் சொன்னீர்கள். அதன் பிற்காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் ஆய்வு மையங்கள் 1988இல் ஆசியான் ஐஎஸ்ஐஎஸ் (ஆசியான் போர்த்தந்திர, பன்னாட்டு ஆய்வுக் கழகங்கள்) என்ற வலையமைப்பாகச் சேர்ந்தன, அதில் ஜகார்த்தா மையமும் உண்டு. அந்தக் காலத்தில் பாதுகாப்பு என்ற சொல்லையே ஆசியான் தன் மேசையில் வைக்காது. வைத்தால் இராணுவக் கூட்டணி என்ற பழி வரும் என்ற அச்சம். 1991இல் இந்த வலையமைப்பு ஓர் ஆலோசனையை முன்வைத்தது. ஆசியான் அமைச்சர்கள் தங்கள் ஆண்டுக்கூட்டம் முடிந்ததும் பிற நாட்டு அமைச்சர்களுடன் எப்படியும் உட்காருகிறார்கள், அந்த மேசையிலேயே பாதுகாப்பையும் பேசுங்கள் என்றது. 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடிய நான்காம் ஆசியான் உச்சிமாநாடு அதை ஏற்றது. 1994 ஜூலையில் பாங்காக்கில் 18 தரப்புகளுடன் ஆசியான் வட்டார மன்றம் கூடியது. சீனா, ரஷ்யா, அமெரிக்கா எல்லாம் ஒரே அறையில். அணுக்கம் இல்லாத மையங்கள் அந்தத் தாளை எழுதியிருக்கலாம், ஆனால் அமைச்சர் அதைப் படித்திருக்க மாட்டார்.

இதேபோல் தென்சீனக் கடல் குறித்து 1990இல் பாலியில் இந்தோனேசியத் தூதர் ஹாஷிம் ஜலால் தொடங்கிய பயிலரங்குகள். இறையாண்மை பற்றிப் பேசாதீர்கள், கடலாய்வு, மாசு, கப்பல் பாதுகாப்பு பற்றிப் பேசுங்கள் என்று உரிமை கோரும் நாடுகளை உட்கார வைத்தார். கனடா பல ஆண்டுகள் பணம் தந்தது, 2001இல் நிறுத்திக்கொண்டது. பிறகும் பயிலரங்குகள் தொடர்ந்தன. வெளிநாட்டுப் பணம் என்றாலே அடிமைத்தனம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

#8 நாகூர்க்கடல்

தலைப்பிலிருந்து சற்று விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களாகிய நமக்கு அந்தக் கழகத்துடன் ஒரு தனி உறவு இருக்கிறது. அதை 1972 முதல் 1992 வரை, இருபது ஆண்டுகள், வழிநடத்தியவர் கெர்னியல் சிங் சாந்து. மலாயாவுக்கு இந்தியர்கள் வந்து குடியேறிய வரலாற்றை 1969இல் புத்தகமாக்கிய புவியியலாளர். தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்கள் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எத்தனை பேர், எந்த ஏற்பாட்டில் என்று தேடுபவர்கள் இன்றும் முதலில் கை வைப்பது அவர் உழைப்பில்தான். 2002 முதல் 2012 வரை இயக்குநராக இருந்த கே. கேசவபாணி தூதராகப் பணியாற்றியவர், உலக வணிக அமைப்பின் பொது மன்றத்துக்கு முதல் தலைவராக 1995இல் இருந்தவர். அவர் காலத்தில்தான், 2009இல், சோழர்களின் கடற்படையெடுப்புகள் பற்றிய கட்டுரைத் தொகுப்பைக் கழகம் வெளியிட்டது. 1025ஆம் ஆண்டையொட்டி ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மேல் ஏவிய படையெடுப்பை நம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அந்தத் தொகுப்பில் அதை வணிகப் போட்டியாக, சீனச் சந்தைக்கான வழியாக, அடி வாங்கியவர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க முடிகிறது. என் பார்வையை மாற்றிய வாசிப்பு அது.

வெளியுறவு ஆய்வு மையத்துக்குச் சோழர்கள் எதற்கு என்று கேட்கலாம். நாடுகள் இன்று பழைய பெருமைகளை எடுத்துக்கொண்டுதான் கூட்டாளிகளைத் தேடிப் போகின்றன. அந்தப் பெருமை அடுத்தவர் காதில் எப்படி விழும் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

#9 புகைமூட்டம்97

நான் ஆய்வாளர் இல்லை. ஜொகூரில் இரண்டு பிள்ளைகளின் தாய், மூத்தவனுக்கு ஆஸ்துமா. எனக்கு இந்த மையங்கள் என்றால் ஒரே ஒரு தாள்தான்.

சிங்கப்பூர் அனைத்துலக விவகாரக் கழகம் என்று ஒன்று உண்டு. 1962இல் தொடங்கியது. அது அரசுக் கழகம் அன்று. அவர்கள் 2019 முதல் ஆண்டுதோறும் இந்தோனேசியாவில் காடும் நிலமும் எரிவதால் எல்லை தாண்டி வரும் புகைமூட்டத்தைப் பற்றி முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்றே நிறம். வானிலையை மட்டும் பார்ப்பதில்லை. செம்பனை எண்ணெய் விலை, இந்தோனேசிய அரசின் கொள்கை, நிறுவனங்களின் நடவடிக்கை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 2023இல் முதல்முறையாகச் சிவப்பு காட்டினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் காற்றின் தரம் ஆரோக்கியமற்ற நிலைக்குப் போனது. நான் அதற்கு முன்பே முகக்கவசமும் மருந்தும் வாங்கி வைத்திருந்தேன்.

1997இல் நான் பள்ளி மாணவி. எதிர்வீடு தெரியாது. அப்போது எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 2002இல் புகைமூட்ட ஒப்பந்தம் வந்தது, இந்தோனேசியா அதை 2014இல்தான் உறுதி செய்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

#10 வரைபடம்

அம்மா (கலங்கரை), ஏழு மாதக் கதையை எழுதியதற்கு நன்றி. தங்கை புகைமூட்டம் எழுதியதற்கும்.

என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன், முழுவதும் இல்லை. அணுக்கம் பயனுள்ளதாக இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை யார் தலையில் விழுகிறது என்பதையும் பாருங்கள். மியன்மாரில் 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில், வன்முறையை நிறுத்திப் பேச்சு தொடங்க ஆசியான் தலைவர்கள் கண்ட ஐந்து அம்ச உடன்பாடு. இரண்டாம் தடப் பேச்சுகள் எத்தனையோ நடந்திருக்கும். என்ன பலன்? மூடிய கதவுக்குள் பேசிப் பழகிய மையங்கள், தெருவில் நின்ற மக்களுக்காக வாய்திறக்கத் தயங்கின என்றே எனக்குப் படுகிறது.

#11 கலங்கரை

இதற்கு என்னிடம் தற்காப்பு இல்லை. மியன்மாரில் எங்கள் துறை தோற்றது.

பல ஆண்டுகள் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்த தளபதிகளை எங்களுக்குத் தெரியும் என்று நம்பினோம். தெரிந்தது அவர்கள் காட்டிய முகம் மட்டுமே. அவர்களோடு கொண்ட பழக்கத்தை அறிவு என்று மயங்கிவிட்டோம். அந்நாட்டுச் சக ஆய்வாளர்கள் பலரின் தொலைபேசி ஒரே வாரத்தில் அடங்கிப்போனது. ஆங் சான் சூச்சிக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்த ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஷான் டர்னல் 2022 நவம்பர் வரை சிறையில் இருந்தார். பொருளாதாரம் பேசியவருக்கே அந்த நிலை என்றால், பெயர் வெளியே தெரியாத உள்ளூர் ஆய்வாளர்களை நினைத்துப் பாருங்கள். சாத்தம் ஹவுஸ் விதி வெளியிலிருந்து வருபவரைத்தான் காக்கிறது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் உள்ளூர்க்காரருக்கு அது கவசம் ஆகாது.

மற்றொன்று. மேலே #3இல் அணுக்கம் இல்லாத மையத்தால் யாருக்கும் பயன் இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. எந்தத் தளபதியையும் சந்திக்க வழியில்லாதவர்கள், கிராமத்திலிருந்து வந்த படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து எரிந்த வீடுகளை எண்ணினார்கள். அந்தக் கணக்கு எங்கள் தாள்களைவிட உண்மைக்கு அருகில் இருந்தது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

#12 தென்றல்வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கட்டுரையின் தொடக்கத்தை மாற்றிவிட்டேன். 50.5ஐயும் 8.0ஐயும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறேன். பதில் சொன்னவர்கள் யார் என்பது இரண்டாவது பத்தி, கழகம் சட்டத்தால் அமைந்தது என்பது மூன்றாவது. தோழிக்குக் காட்டினேன். "இப்படி எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றாள்.

எண்கணக்கு அண்ணா, ஒரே ஓர் ஐயம். என் நாட்டைப் பார்த்தேன். மலேசியாவில் சீனாவைத் தேர்ந்தவர்கள் 2023இல் 54.8, 2024இல் 75.1. இருபது புள்ளி உயர்வு. இதைக் காஸாவின் விளைவு என்று துணிந்து எழுதலாமா?

#13 எண்கணக்கு

எழுதுவதற்கு முன் ஒன்று செய். இரண்டு ஆண்டு அறிக்கைகளிலும் பதில் சொன்னவர்களின் விவரம் கொடுத்திருக்கும் பக்கங்களைத் திற. மலேசியாவிலிருந்து பதில் சொன்னவர்களில் அரசு அதிகாரிகள் எத்தனை பங்கு, தனியார் துறையினர் எத்தனை பங்கு, வயது எப்படி என்று கிடைக்கும் வரை பக்கத்துப் பக்கத்தில் எழுது. அந்தக் கலவை பெரிதாக மாறியிருந்தால், உயர்வின் ஒரு பகுதி அதனால் வந்திருக்கலாம் என்று முதலில் எழுது. மாறவில்லை என்றால் காஸாவைச் சொல், "பெரும்பாலும்" என்ற சொல்லோடு. நாடுவாரிப் பகுப்பு அறிக்கையில் இல்லையென்றால் கழகத்துக்கே கேட்டு எழுது. அட்டவணை கிடைத்ததும் இங்கே போடு, நானும் பார்க்கிறேன்.